முகூர்த்த நேரத்து வெளிச்சம்

“அம்மாவைக் காணேல்லை,” என்றாள் துஷாந்தினி.

முகத்தை மூடிய விஆர் கண்ணாடியோடு சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். நின்று, மறுபக்கமும் சுற்றிப் பார்த்தாள்.

மொன்றியலின் லாசால் பகுதியில் நகுலேஸ்வரனின் ஸ்டூடியோ. கல்யாணம் ஐப்பசியில் முடிந்தது. இப்போது மார்கழிப் பனியில், புதுப்பெண்ணும் மாப்பிள்ளை கஜீவனும் பெண்ணின் தாய் புஷ்பவதியும் படம் பார்க்க வந்திருந்தார்கள்.

மணவறைக்குப் பக்கத்தில், சுற்றிவர எல்லாப் பக்கமும் பார்க்கிற கேமராவை நட்டு எடுத்த படம். கண்ணாடியை மாட்டினால் நீங்கள் மணவறையடியில் நிற்பீர்கள். திரும்பினால் மண்டபம் முழுவதும் தெரியும். ஒன்றும் தப்பாது என்று நகுலேஸ்வரனே விளம்பரத்தில் சொல்லியிருந்தார்.

“ரெண்டாவது வரிசையிலை சித்தப்பா நித்திரை கொள்ளுறதும் தெரியுது. அம்மா நிண்ட கதவடியிலை மட்டும் ஒரே வெள்ளை வெளிச்சம்.”

“அது கிளேர், தங்கச்சி,” என்றார் நகுலேஸ்வரன். “இந்தக் கண்ணாடியளின்ரை லென்ஸ் அப்பிடித்தான். இருட்டுக்குப் பக்கத்திலை வெளிச்சம் வந்தால் கதிர் கதிராப் பரவும். எல்லாக் கண்ணாடியிலையும் இருக்கிற குறை.”

கஜீவன் வீடியோ கேம் செய்கிற கம்பனியில் வேலை பார்க்கிறவன். அவனிடமா இந்தக் கதை எடுபடும்? கண்ணாடியை வாங்கி மாட்டினான். தலையை ஆட்டினான், சாய்த்தான், மேலே பார்த்தான், கீழே பார்த்தான்.

“அண்ணை, கண்ணாடியின்ரை கிளேர் எண்டால் தலையைத் திருப்பேக்கை அதுவும் சேர்ந்து அசையவேணும். இது கதவடியிலையே நிக்குது, ஆணி அடிச்ச மாதிரி.”

நகுலேஸ்வரன் கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப என்ரை கேமரா லென்ஸிலைதான் பட்டிருக்கு. கதவுக்கு மேலை இருந்த லைட்டை நான் கவனிக்கேல்லை.”

“பேந்தென்னத்துக்கு முதல் கண்ணாடியிலை பழியைப் போட்டனீங்கள்?”

தொழில் சரியாகத் தெரியாவிட்டால் மன்னித்து விடலாம். அதை மூடப் பொய் சொல்கிற ஆளைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது.

“திருத்தேலாதோ அண்ணை?” துஷாந்தினியின் குரல் இறங்கியிருந்தது.

“ஏலாது தங்கச்சி. அந்த இடத்திலை ஒண்டும் பதியேல்லை.”

“அப்பா இல்லாததாலை அம்மா மணவறைக்கு வரமாட்டன் எண்டு பின்னாலை போய் நிண்டவ. நான் எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தன். தாலி கட்டேக்கை நான் தலை குனிஞ்சு இருந்தனான். அந்த நேரம் அம்மாவின்ரை முகம் எப்பிடி இருந்ததெண்டு பாக்கவேணும். அதுக்காகத்தான் இந்த வீடியோவே எடுக்கச் சொன்னனான்.”

சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

புஷ்பவதியோ கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். பெற்ற மகள் அழுகிறாள், அந்த மனுசனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கடைசியில் கேட்டார் என்றே வைத்துக்கொள்வோம்.

“விடு பிள்ளை. இவருக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.”

நகுலேஸ்வரன் அதற்கும் தலையாட்டினார்.

“புரோசார்டிலை என்ரை மச்சாளின்ரை கலியாணத்துக்கும் உங்களைத்தான் பேசியிருந்தம்,” என்றான் கஜீவன். “இனி வேண்டாம். கேக்கிற ஆக்களுக்கும் நான் சொல்லத்தான் செய்வன்.”

மொன்றியல் தமிழர்களுக்குள் ஒரு வீட்டில் சொன்னால் போதும், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நகுலேஸ்வரனுக்கும் அது தெரியாததல்ல.

“சரி தம்பி,” என்றார்.

“வெளியிலை வழுக்குது,” என்று புஷ்பவதி மறுபடி உட்கார்ந்தார். “நீங்கள் ரெண்டு பேரும் போய்க் காரை வாசலுக்குக் கொண்டு வாங்கோ.”

அவர்கள் போனார்கள். கதவு சாத்தியதும் புஷ்பவதி நகுலேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

“கோவிக்காதேங்கோ தம்பி. நான் அப்பிடிச் சொல்லாட்டில் அவள் விடமாட்டாள்.”

“பரவாயில்லை அக்கா. உங்கடை மருமகன் கெட்டிக்காரன். தலையை ஆட்டிப் பாப்பாரெண்டு நான் யோசிக்கேல்லை.”

“நான் கேட்ட மாதிரியே மறைச்சுப்போட்டியள். பெரிய உதவி.”

“தங்கச்சி அழேக்கை, வெளிச்சத்தை எடுத்துப்போட்டுக் காட்டிவிடுவமோ எண்டு இருந்தது.” நகுலேஸ்வரன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். “ஒரு நாளைக்கு நீங்களே சொல்லலாம்தானே?”

“வேண்டாம் தம்பி. அந்த நேரத்திலை செத்தவீட்டுச் செய்தி சபையிலை விழுந்திருந்தால், துடக்கு, தீட்டெண்டு தாலி கட்ட விட்டிருக்கமாட்டினம். இரவுதான் போன் வந்ததெண்டு அவளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். உண்மை தெரிஞ்சால், நாளைக்கு இவையளுக்குள்ளை ஒரு சின்னச் சண்டை வந்தாலும் தாலி ஏறின நேரத்தைத்தான் குறை சொல்லுவினம்.”

வாசலில் கார் வந்து நின்றது. புஷ்பவதி எழுந்து கையுறைகளை மாட்டிக்கொண்டார்.

“கெட்டிமேளம் அடிக்குது. யாழ்ப்பாணத்திலை இருந்து என்ரை அண்ணை செத்துப்போனார் எண்டு போனிலை குழறி அழுகினம். போனைக் காதிலை வைச்சபடியே, மற்றக் கையாலை நான் பிள்ளைக்கு அரிசி போட்டனான், தம்பி.”