நல்ல ரத்தத்துக்கு ஒரு மாதிரி

வெல்டிங் பட்டறையின் தகரக் கூரை வெயிலில் படபடக்கிறது. கைபேசியில் கவ்விய குட்டி லென்ஸுக்கடியில், சாயமேற்றிய ரத்த ஸ்லைடை, மலேரியா சோதனைக்கு வந்த நர்ஸ் நகர்த்துகிறாள். காய்ச்சல்காரத் தம்பி பெஞ்சில் சுருண்டு கிடக்கிறான். அவன் ரத்தம் திரையில் வெறும் சிவப்பு வட்டங்களாக நிற்கிறது. "வட்டத்துக்குள்ள ஊதா மோதிரம் இருந்தாத்தான் மலேரியா. இதுல ஒண்ணும் இல்ல." "நான்தான் சொன்னேனே நர்சம்மா, இது லீவுக் காய்ச்சல்," என்கிறான் டீ டம்ளரோடு நிற்கும் அண்ணன். நல்ல ரத்தம் எப்படியிருக்கும் என்று தம்பிக்குக் காட்டத் தானாகவே விரலை நீட்டியவன் அவன். ஒரு சொட்டு கொடுத்துவிட்டு ஊருக்கே வாரி வழங்கிய வள்ளலாக நிற்கிறான். அவனுடைய ஸ்லைடு லென்ஸுக்கடியில் போகிறது. மோதிரங்கள். நர்ஸ் நகர்த்துகிறாள், அங்கேயும் மோதிரங்கள். "பார்றா, நம்ம ரத்தம் நகைக்கடை மாதிரி ஜொலிக்குது!" தம்பி சிரிக்கவில்லை, மெல்ல எழுந்து உட்காருகிறான். நர்ஸ் ஸ்லைடை உருவி, ஓரத்தில் தானே எழுதிய 'அண்ணன்' என்பதைப் படித்துவிட்டு, திரும்ப வைக்கிறாள். "அண்ணே, உங்களுக்குக் குளிருதா?" "இந்த வெயில்லயா? நல்லா கேட்டீங்க போங்க!" வாய்விட்டுச் சிரிக்கிறான் அண்ணன். சிரிப்பு நின்ற பிறகும் அவன் கையிலிருக்கும் டம்ளரின் விளிம்பைத் தாண்டி டீ தளும்பிக்கொண்டே இருக்கிறது.