எந்த முறையும் ஒத்துவராது

"சார், ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்க. மோசமானதா இருந்தாலும் பரவாயில்லை!"

டீம் லீடர் போட்ட சத்தத்தில், கண்ணாடி அறைக்கு வெளியே நாலைந்து தலைகள் கம்ப்யூட்டர்களுக்கு மேலே எட்டிப் பார்த்தன.

மேனேஜர் அசரவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இதுவும் நமக்கு ஒத்துவராதும்மா" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலிடத்தின் உத்தரவு எளிமையானதுதான். மென்பொருளை மாசக்கணக்கில் உட்கார்ந்து எழுதி மொத்தமாகக் கொடுக்கிற பழக்கத்தை விடுங்கள்; கொஞ்சம் செய்து, காட்டி, திருத்தி, அடுத்ததுக்குப் போங்கள். அதற்குத் தோதான அஜைல் முறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆலோசகர் ஒருவர் வந்து ஒவ்வொரு முறையாகக் கடை விரித்தார். மேனேஜர் எல்லாவற்றுக்கும் ஒரு நொட்டை சொன்னார்.

ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலையைக் காட்டும் முறைக்கு, "பசங்க மூச்சு விட வேண்டாமா?"

ஒரே கம்ப்யூட்டரில் ரெண்டு பேர் சேர்ந்து எழுதும் முறைக்கு, "அரட்டைதான் நடக்கும்."

நேற்று காட்டிய, பெரிய கம்பெனிகளுக்கான முறைக்கு, "படமே மெட்ரோ ரயில் மேப் மாதிரி இருக்கு. எங்கே ஏறி எங்கே இறங்கறது?"

இந்த இழுபறியில் டீம் ரெண்டுபட்டுக் கிடந்தது. பாதிப் பேர் புது வழி, பாதிப் பேர் பழைய வழி.

"அக்கா, நான் எதை டெஸ்ட் பண்றது?" டெஸ்டர் பெண் அழாத குறையாக வந்து நின்றாள். "முடிஞ்சுதுன்னு இவங்க சொல்றாங்க, இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு அவங்க சொல்றாங்க. ரெண்டு பேரும் ஒரே ஸ்கிரீனைப் பத்திதான் பேசறாங்க!"

போதாததற்கு, மென்பொருளை வாங்கிய மருத்துவமனையிலிருந்து போன்.

"நீங்க எந்த முறையில வேணா செய்யுங்க. எங்க நோயாளிகளுக்கு டோக்கன் வருமா, வராதா?"

திட்டெல்லாம் டீம் லீடருக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைச் சோபாவில் வீசினாள்.

"இன்னிக்கும் ஒத்துவரலையா?" என்றான் கணவன்.

"அந்த மனுஷன் செருப்பு வாங்கப் போனா, கடைக்காரன் கடையைச் சாத்திட்டு ஓடிடுவான்!"

"மேலே சொல்லிப் பாரேன்."

சொன்னாள். மறுநாள் காலையில் நேராக டைரக்டர் அறைக்கே போய்விட்டாள்.

"சார், நான் கோள் சொல்ல வரலை" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். "அவருக்கு முடிவெடுக்கவே தெரியலை சார். அவரை வச்சுக்கிட்டு எதுவும் நகராது."

"தைரியமா வந்து சொன்னீங்க. இன்னிக்கே முடிச்சுடலாம்" என்றார் டைரக்டர்.

மத்தியானம் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்தார். ரெண்டு வார முறையை ஒரே நிமிஷத்தில் தேர்ந்தெடுத்தார்.

மேனேஜர் எழுந்தார். "சார், இன்னும் ஒரே ஒரு வாரம் டைம் கொடுங்க. வேற ஏதாவது கிடைக்குதான்னு..."

"தேடினது போதும்."

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்ததும் முதல் ஆளாக வெளியேறினார்.

அவள் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தாள். எத்தனை நாளாயிற்று இப்படிச் சாய்ந்து!

ஆலோசகர் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவர் ஒரு கட்டம். முறை தப்பாமல் பார்த்துக்கொள்ளும் பயிற்சியாளர் ஒரு கட்டம். மற்றவர்களெல்லாம் ஒரே பெரிய கட்டத்துக்குள்.

"டீம் லீடரை விட்டுட்டீங்களே?" என்றாள் சிரித்துக்கொண்டே.

"விடலை மேடம். இதுல அப்படி ஒரு பதவியே கிடையாது. டீம் தன்னைத்தானே பார்த்துக்கும்."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப நான்?"

ஆலோசகர் பேனாவை மூடினார். "படத்துல இல்லாத பதவியை எடுத்துடுவோம்னு டைரக்டர் முதல் நாளே சொல்லிட்டாரே. மேனேஜர் உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்லையே" என்றாள்.

"என் உயிரை எடுத்துட்டார் மேடம் அவர்! 'எனக்கு எந்த முறையா இருந்தாலும் சரிய்யா, டீம் லீடருக்கு ஒரு கட்டம் இருக்கணும், அப்படி ஒண்ணைத் தேடிக் கொண்டா'ன்னு தினமும் போன்!"