ஆறாவது எண்

“ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்,” என்றாள் வருமான வரித் தாக்கல் செய்துகொடுக்கும் பெண். “நீங்கதான்னு உறுதி பண்ணிட்டா வேலை முடிஞ்சது.”

“அது எங்க அக்கா போனுக்குப் போகும்மா,” என்றார் தையல்காரர். “இந்தக் கணக்கை ஆரம்பிச்சுக் கொடுத்ததே அவதான்.”

“உங்க நம்பரையே போட்டுடட்டுமா? ஒரு நிமிஷ வேலைதான்.”

“ஐயையோ, வேண்டாம்!”

“இன்னொண்ணு சார், உங்க வருமானத்துக்கு…”

“இரும்மா, முதல்ல அதை வாங்கிடறேன்.”

அக்காவும் அவரும் பேசிக்கொள்வதில்லை. என்றோ நடந்த வாய்த்தகராறு. யார் முதலில் இறங்கி வருவது என்ற வீம்பில் வருடங்கள் ஓடிவிட்டன. வருடத்துக்கு ஒருமுறை இதற்காக மட்டும் கூப்பிடுவார். அவளும் ஆறு எண்களைப் படித்துவிட்டுப் போனை வைத்துவிடுவாள்.

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டார்.

“அக்கா, ஓடிபி வந்திருக்கும்.”

“நாலு, ஒன்பது, ரெண்டு, ரெண்டு, ஏழு.” அதோடு நிறுத்திவிட்டாள்.

“இன்னொண்ணு இருக்குமேக்கா?”

“அதை நேர்ல வந்து வாங்கிக்கோ.”

“அதுக்குள்ள காலாவதி ஆயிடுமேக்கா!”

“ஆகட்டும். வரி தாக்கல் பண்ற அளவுக்கு உனக்கு வருமானமே கிடையாதுன்னு எனக்குத் தெரியாதாடா? என் குரலைக் கேக்க வருஷா வருஷம் இப்படியா சுத்தி வளைப்பே? கிளம்பி வா.”

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப என் நம்பரையே போட்டுடும்மா.”