மூன்று கோட்டு அருவி

இன்னும் வெளிவராத ஒரு செல்போன் விளையாட்டுக்குள் ஒரு தவளையும் ஓர் அருவியும் இருந்தன. அருவிக்கு அடியில் மிதந்து போகும் கட்டைகளில் தாவித் தாவித் தவளை அக்கரை சேர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

முதலில் அருவி வெறும் மூன்று நீலக் கோடுகள்தான். பிறகு வாராவாரம் அதற்குச் சாரல் வந்தது, நுரை வந்தது, கடைசியில் வானவில்லும் வந்தது. அத்தனையையும் காட்ட முடியாமல் போன் சூடாகித் திணறியது. விரல் தொட்டு ஒரு நொடி கழித்துத்தான் தவளையால் தாவ முடிந்தது. அதற்குள் கட்டை நகர்ந்துவிடும்.

"கொஞ்சம் நுரையைக் குறைச்சுக்கோயேன்," என்றது தவளை.

"ஜனங்க என்னைப் பார்க்கத்தான் வருவாங்க. நீ ஓரமா குதிச்சுட்டுப் போ," என்றது அருவி.

விளையாட்டை உருவாக்குகிறவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் தங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் கோதண்டத்திடம் போனைக் கொடுத்து விளையாடச் சொல்வார்கள். இந்த வாரம் அவர், "அடேயப்பா, குற்றாலமே தோத்துடும்!" என்றார். தவளை மூன்று முறை தண்ணீரில் விழுந்தது. "ரொம்ப நல்லாருக்கு சார்," என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கேட்டியா?" என்றது அருவி.

"கேட்டேன். நீ மூணு கோடா இருந்தப்போ, சார்ஜ் தீர்ற வரைக்கும் அவர் போனைத் திருப்பிக் கொடுக்கவே இல்ல," என்றது தவளை.