தொட்டால் ஆடும் முள்

"எர்த் வயர் சரியில்ல. அடிச்சுச் சொல்றேன்!"

முதலாளி போட்ட சத்தத்தில் பட்டறையே கப்சிப்.

அவர் எதிரே மேஜைமேல் ஓர் இரும்புப் பெட்டி. குமிழைத் திருகினால் ஐம்பது வோல்ட்டிலிருந்து ஐயாயிரம் வோல்ட் வரை எது கேட்டாலும் கொடுக்க வேண்டிய பவர் சப்ளை. டிசைன் செய்தவள் அவருடைய மருமகள். 'நானே செய்யறேன் மாமா' என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய முதல் வேலை.

"எர்த் நல்லாத்தான் இருக்கு மாமா. இதோ பாருங்க."

திருகினாள். மீட்டர் முள் ஆயிரத்துக்குப் போய், வைத்தது வைத்தபடி நின்றது.

மாமனார் குமிழைத் தொட்டார். முள் அப்படியும் இப்படியுமாகக் கிடந்து தவித்தது. கையை எடுத்தார். சமர்த்தாக நின்றுவிட்டது.

முதலாளிக்குத் தலை கிறுகிறுத்தது. தொழிலில் கொட்டை போட்டவர் அவர். இவள் தொட்டால் நிற்கிறது, நான் தொட்டால் ஆடுகிறதே! பெட்டிக்குக்கூடவா ஆள் பார்த்து மரியாதை?

"குமிழை மாத்திட்டா சரியாயிடும் மாமா" என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! எர்த்தைக் கோட்டை விட்டுட்டு, குமிழ் மேல பழி போடறியா? நாளைக்கு வாங்கறவங்க முன்னாடி நான்தான் ஓட்டிக் காட்டணும். முள் ஆடுச்சுன்னா, அதோட நீ டிசைன் பக்கமே வரக் கூடாது. பில் போட்டுக்கிட்டு உக்காரு!"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"தப்புதான் மாமா. எர்த்தைச் சரி பண்ணிடறேன்."

பாருங்களேன், ஒப்புக்கொண்டுவிட்டாள்! முதலாளிக்கு அதுவும் குழப்பம்தான். லேசில் விட்டுக்கொடுக்கிற ஆளில்லையே இவள்?

மறுநாள், வாங்க வந்த அம்மாள் முன்னால் முதலாளி குமிழைத் திருகினார். ஐம்பது, ஐந்நூறு, ஐயாயிரம். முள் சொன்ன இடத்தில் நின்றது. என்ன, குமிழைத்தான் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

"பிரமாதம்! ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார் அந்த அம்மாள்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "மருமக எர்த்துல சொதப்பி வெச்சிருந்தா. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"மாமா கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?" என்று சிரித்த மருமகள், அந்த அம்மாளை வழியனுப்ப வாசலுக்குப் போனாள்.

முதலாளி வயர்மேனைக் கூப்பிட்டார். "எர்த்துல என்னப்பா கோளாறு? எப்படிச் சரி பண்ணீங்க?"

"எர்த்தா? அதை யாரும் தொடவே இல்லையே முதலாளி! குமிழைத்தான் மாத்தச் சொன்னாங்க. பழசு ஒரே சுத்துல ஐயாயிரத்துக்குப் போயிடும். இது பத்து சுத்து சுத்தினாத்தான் போகும்."

"அது எதுக்கு?"

"இதுல கை லேசா நடுங்கினாலும் முள் ஆடாதாம்." வயர்மேன் தலையைச் சொறிந்தார். "யார் கை நடுங்குதுன்னு நானும் துருவித் துருவிக் கேட்டுட்டேன். சொல்லவே மாட்டேன்னுட்டாங்க. உங்ககிட்டயாவது சொன்னாங்களா முதலாளி?"