யாரும் கண் வைக்காத வீடு

ஏரிக்கரை நகர் மூன்றாம் தெருவில் முத்துவேலர் வீட்டு மாடிச் சுவரில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. ஊரார் கண் படாமல் வீட்டைக் காப்பது அதன் வேலை. ஒன்பது வருஷமாக ஒரு கண்ணும் வந்தபாடில்லை.

"நம்ம வீட்டைப் பார்த்து வயிறெரிய ஒருத்தர்கூடவா இல்லை?" என்று அது வாசல் கேட்டிடம் புலம்பியது.

"பெயின்ட் அடிச்சே ஒன்பது வருஷமாச்சு. என் துருவைப் பார்த்தாலே எல்லாருக்கும் மனசு ஆறிடுது" என்றது கேட்.

வேறு வேலை இல்லாததால், எதிரே புதிதாக எழும்பிய மூன்று மாடி வீட்டையே பொம்மை நாளெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அங்கே தண்ணீர் மோட்டார் புகைந்தது. மாடிக் கண்ணாடி விரிசல் விட்டது. அந்த வீட்டம்மா உடனே இரண்டு மடங்கு பெரிய பொம்மையை வாங்கி வந்து மாட்டினார்.

"உன் கொள்ளிக்கண்ணைத் தடுக்கத்தான் வந்திருக்கேன்" என்று உறுமியது புதுப் பொம்மை.

பழைய பொம்மைக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா, எனக்காகவே ஒரு ஆளைப் போட்டிருக்காங்க" என்றது கேட்டிடம்.

அந்த நேரம் வெளியே வந்த முத்துவேலர், எதிர்வீட்டுப் பொம்மையை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "நம்மதைக் கழட்டிடலாம்" என்றார் மனைவியிடம். "அந்த மாதிரி மீசையோட ஒண்ணு வாங்கணும்."

பழைய பொம்மை பெருமூச்சு விட்டது.

"வந்த அன்னிக்கே ஒரு கண்ணு விழுந்துடுச்சு. கொடுத்து வச்சவன்."