போட்டுப் பாத்து வாங்குற மாத்திரை

மருந்துக்கடையிலயும் ட்ரையல் ரூம் வந்தாச்சு. மனச்சோர்வு மாத்திரைய இப்பல்லாம் போட்டுப் பாத்துதான் வாங்கணும். ட்ரையலுக்குக் குடுக்குற மாத்திரை கால் மணி நேரத்துல வேலையக் காட்டிட்டுக் கலைஞ்சிரும். மாசக்கணக்கா எத ஊத்திக் குடுத்தாலும் நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒரு வார்த்த சொல்லாமக் குடிச்ச புருஷன் தங்கதுரைய உள்ள அனுப்பிட்டு, மெர்சி கதவையே பாத்துக்கிட்டு நின்னா.

முதல் மாத்திரைக்கு ஒரே சிரிப்பா வந்தான். "உங்கம்மா இனிமே நம்மகூடவே இருக்கட்டும்."

"ஐயையோ, இது எங்க வீட்டு ஆளே இல்ல!" கடைப் பொண்ணுகிட்ட கத்துனா மெர்சி. "அடுத்ததக் குடும்மா."

ரெண்டாவதுக்கு நிம்மதியா நின்னுக்கிட்டே தூங்கிட்டான்.

மூணாவதுக்குக் கை நடுங்குச்சு. கடையில குடுத்த டீ பாதி சட்டையில சிந்துச்சு. மீதியக் குடிச்சவன் மூஞ்சியச் சுளிச்சான். "ஏட்டி, இது டீயா, வெந்நியா? வா, வீட்டுக்குப் போய் நீ ஒண்ணு போட்டுக் குடு."

மெர்சிக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு. "இதையே குடும்மா."

"கை நடுங்குதேக்கா?"

"அரை டம்ளரா ஊத்திக் குடுத்துக்கிறேன்."